ட்ரையரின் கார்டு மாறியது, பட்டை வரவில்லை: ஒரு வீட்டு மின்கசிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்க வீடுகளில் துணி காயவைக்கும் மின்சார ட்ரையரின் கார்டை (சுவர் சாக்கெட்டோடு இணைக்கும் பிளக் வயரை) மாற்றுவது வீட்டுக்காரர்களே செய்துகொள்ளும் வேலைகளில் ஒன்று. புது ட்ரையர் வாங்கினால் பெரும்பாலும் கார்டு இல்லாமலேதான் வரும். சுவரில் மூன்று துளை சாக்கெட் இருக்கிறதா, நான்கு துளையா என்று பார்த்து, அதற்கேற்ற கார்டைத் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். கடையில் 25, 30 டாலருக்குக் கிடைக்கும். ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். வேலை முடிந்ததும் டிரம் சுற்றுகிறது, சூடு வருகிறது, துணி காய்கிறது. அதைப் பார்த்ததும் எல்லாம் சரி என்று மனசு முடிவு செய்துவிடுகிறது. ஆனால் உலோகக் கூட்டில் மின்சாரம் ஏறி நின்றாலும் இந்த இயந்திரம் அதேபோலத்தான் சுற்றும், அதேபோலத்தான் சூடாகும்.

இங்கே பதிவு செய்வது அப்படி ஒரு வீட்டில் நடந்தது. வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இந்த ட்ரையரைப் பார்க்க என்னை அழைத்தார்கள். குடும்பத்தின் அனுமதியோடு, அடையாளம் எதுவும் இல்லாமல் எழுதுகிறேன்.

பின்னணி

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கியிருந்த கணவரின் அம்மா. முதலில் இவர்கள் 2000-க்குப் பிறகு கட்டிய ஒரு குடியிருப்பில் இருந்தார்கள். அங்கே நான்கு துளை சாக்கெட். ட்ரையரை அங்கே வாங்கியபோது, கொண்டுவந்தவர்கள் நான்கு வயர் கார்டைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு 1970-களில் கட்டிய ஒரு வீட்டை வாங்கி மாறினார்கள். பேஸ்மென்டில் துணி துவைக்கும் இடம். அங்கே சுவரில் இருந்தது மூன்று துளை சாக்கெட்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்க வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் இரண்டு ஹாட் வயர்கள் (மின்சாரம் வரும் வயர்கள்), ஒரு நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வயர்). இரண்டு ஹாட்டுக்கும் நடுவே 240 வோல்ட், ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட். ட்ரையருக்கு இரண்டுமே வேண்டும். சூடாக்கும் சுருள் 240 வோல்ட்டில் ஓடுகிறது. 5,400 வாட் சுருள் என்றால் 22.5 ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் 30 ஆம்பியர் பிரேக்கர். மோட்டார், டைமர், உள்விளக்கு எல்லாம் 120 வோல்ட்டில் ஓடுகின்றன. அவற்றின் மின்னோட்டம் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. ஆக மூன்று வயர் இருந்தால் ட்ரையர் ஓடும். நான்காவது வயர் எர்த். இயந்திரம் ஓட அது தேவையே இல்லை. மனிதரைக் காப்பாற்ற மட்டும்தான் அது இருக்கிறது.

பழைய முறையில் இந்த எர்த் வயர் கிடையாது. ட்ரையரின் உலோகக் கூட்டை ஒரு சிறு பட்டையால் நியூட்ரலோடு சேர்த்துவிடுவார்கள். நியூட்ரலே எர்த் வேலையையும் பார்த்துக்கொள்ளும். 1996-ஆம் ஆண்டின் தேசிய மின் விதித்தொகுப்பு புதிய இணைப்புகளில் இதை நிறுத்தி, நான்கு வயரைக் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே இருந்தவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளில்தான் இந்த வீட்டின் கதை பின்னால் திரும்புகிறது.

சுருக்கமாக: நான்கு வயர் கார்டு என்றால் பட்டையைக் கழற்ற வேண்டும், பச்சை வயரைக் கூட்டில் பூட்ட வேண்டும். மூன்று வயர் கார்டு என்றால் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும்.

கார்டு மாற்றிய விதம்

வீட்டுக்காரர் கவனமானவர். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். பின்பக்க மூடியைத் திறந்து, வயர்கள் இருந்த நிலையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். கார்டின் வயர்களைப் பூட்டும் டெர்மினல் பிளாக்கில் மூன்று ஸ்குரூ: நடுவில் வெள்ளை வயர், இரு ஓரத்திலும் கறுப்பும் சிவப்பும், தனியே கூட்டில் பச்சை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, புதிய மூன்று வயர் கார்டைப் படத்தில் இருந்தபடியே பூட்டினார். நடு வயர் நடுவில், ஓர வயர்கள் ஓரத்தில். கூட்டில் பச்சை வயர் இருந்த ஸ்குரூவுக்குப் புதிய கார்டில் வயர் இல்லை, அது காலியாக நின்றது.

அவர் எதையும் கழற்றி எறியவில்லை. முதல் வீட்டில் கார்டைப் பூட்டியவர்கள், முறைப்படியே, பட்டையை எடுத்துவிட்டிருந்தார்கள். எடுத்த பட்டை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவர் திறந்து பார்த்தபோது பட்டை அங்கே இல்லை, அது இருந்த தடம்கூட இல்லை. முன்பு இருந்ததை அப்படியே நகலெடுத்தார். முன்பு இருந்தது சரியாகவும் இருந்தது, வேறொரு சுவருக்கு. இந்த வேலையில் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படி, கவனமாக இருப்பவர்கள் கையிலேயே நடக்கின்றன. பார்த்ததைச் சரியாகச் செய்கிறார்கள். பார்க்க முடியாமல் போனதுதான் சிக்கல்.

இரண்டாவது விடுபடல் கிளாம்ப். கார்டு ட்ரையருக்குள் நுழையும் துளை தகரத்தில் வெட்டியது. அதன் விளிம்பு கூர்மையானது. கார்டை இறுக்கிப் பிடிக்க அங்கே இரண்டு துண்டாலான ஒரு கிளாம்ப் போட வேண்டும். யாராவது கார்டை இழுத்தால் அந்த விசை ஸ்குரூக்களுக்குப் போகாது, தகர விளிம்பும் ரப்பரில் படாது. பழைய கார்டு உருண்டை, அதன் கிளாம்ப்பும் உருண்டைக்கானது. புதிய மூன்று வயர் கார்டு தட்டை. பழைய கிளாம்ப் அதைப் பிடிக்கவில்லை, புதிய கார்டோடு கிளாம்ப் எதுவும் வரவில்லை. அது தனியாக விற்கும் பொருள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கார்டை வெறும் துளை வழியாகவே விட்டார்.

தட்டையான கார்டில் வயர்கள் பக்கம் பக்கமாக இருக்கும். நடுவில் நியூட்ரல், இரு ஓரத்திலும் ஹாட். தகர விளிம்பு முதலில் உரசுவது ஓரத்தைத்தான்.

முதல் அறிகுறிகள்

சுமார் எட்டு மாதம் எந்தப் புகாரும் இல்லை. பிறகு குளிர்காலத்தில், கணவரின் அம்மா ஒருநாள் மகனிடம் சொன்னார்: "தம்பி, துணி எடுக்கக் கை வச்சா சுர்ருங்குது."

வீட்டில் எல்லோரும் அதை நிலை மின்சாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். நியாயமான ஊகம்தான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டிருக்கும், ட்ரையரிலிருந்து எடுக்கும் துணி சடசடக்கும், கதவுப் பிடியைத் தொட்டால்கூட சுள்ளென்று அடிக்கும். மருமகள் ட்ரையரில் போடும் நிலை மின்சாரத் தாள்களை வாங்கி வந்தார். அதற்குப் பிறகும் அம்மா அதையே சொன்னார்.

பின்னால் நான் அவரிடம் நேரில் கேட்டபோது அவர் சொன்ன விவரம் மிகத் துல்லியமானது. "டப்புன்னு ஒரு தடவை அடிச்சிட்டு விடலப்பா. கை வச்சிருக்கற வரைக்கும் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துட்டே இருக்கும். மெஷின் ஓடாதப்பவும்தான்."

இந்த மூன்று வாக்கியத்தில் நோய் முழுவதும் இருக்கிறது. நிலை மின்சாரம் ஒரே ஒரு தெறிப்பு, தொட்டவுடன் தீர்ந்துவிடும். கை இருக்கும்வரை நீடிக்கிறது என்றால் அது மெயின் மின்சாரம். அப்புறம், ட்ரையர் ஓடாதபோதும் உணர்கிறார் என்றால் கோளாறு மோட்டாரிலோ சூட்டுச் சுருளிலோ இருக்க வாய்ப்பு குறைவு. அவை டைமருக்கும் சுவிட்சுக்கும் பிறகு வருபவை. சுவிட்சுக்கு முன்னால், எப்போதும் மின்சாரம் நிற்கும் இடங்கள்: கார்டு, டெர்மினல் பிளாக், அங்கிருந்து சுவிட்ச் வரை போகும் வயர்கள். வயதானவர் சொல்வதை நிறுத்தி நிதானமாகக் கேட்டிருந்தால் கருவி எதுவும் இல்லாமலேயே பாதி தூரம் வந்திருக்கலாம்.

அவர் எப்போதும் ரப்பர் செருப்பு போட்டே பேஸ்மென்டுக்கு இறங்குவார். ட்ரையரின் கூடு பெயின்ட் அடித்தது. இரண்டும் சேர்ந்துதான் அதுவரை அவரைக் காப்பாற்றியிருக்கின்றன.

விபத்து

ஒரு நாள் வாஷரின் குழாயில் சிறு ஒழுகல், தரை ஈரம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் துடைத்தார். எழுந்திருக்க ஒரு கையை வாஷரின் மேல் ஊன்றி, இன்னொரு கையால் ட்ரையர் கதவுக்குள்ளே, பெயின்ட் உரிந்திருந்த உலோக ஓரத்தைப் பிடித்தார். கை உதறிப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிடி தானாக விட்டுப்போனது பெரிய விஷயம்.

வாஷர் சாதாரண மூன்று முள் பிளக் உள்ளது, அதன் கூடு முறையாக எர்த் ஆகியிருந்தது. ட்ரையரின் கூடு 120 வோல்ட்டில் நின்றது. ஒரு கை அங்கே, ஒரு கை இங்கே என்றால் மின்சாரம் போகும் பாதை மார்பின் குறுக்கே.

அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள், இதயத் துடிப்பை ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பு இல்லை. தோள் வலி சில நாட்கள் இருந்தது.

பிரேக்கர் ஏன் விழவில்லை என்று வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். பிரேக்கரின் வேலை வயரைக் காப்பாற்றுவது. 30 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது பொருட்படுத்தும். மனித உடலுக்கு 1 மில்லி ஆம்பியரில் சுரீர் என்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசை இறுகி, பிடியை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர் அளவு இதயத்தின் லயத்தைக் குலைக்கப் போதும். 30 ஆம்பியர் என்பது 30,000 மில்லி ஆம்பியர். உடல் வழியாகப் போகும் மின்சாரத்தை அந்தப் பிரேக்கர் ஒருபோதும் கவனிக்காது.

பட்டை இருந்திருந்தால்? ஹாட் வயர் கூட்டைத் தொட்ட அந்த நொடியே நியூட்ரலோடு நேரடி ஷார்ட் ஆகி, பல நூறு ஆம்பியர் பாய்ந்து பிரேக்கர் விழுந்திருக்கும். ட்ரையர் ஓடவில்லையே என்று யாராவது என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

ஆய்வில் கண்டவை

நான் போனபோது ட்ரையர் இன்னும் பிளக்கில் இருந்தது. எதையும் தொடும் முன் அளந்தேன். ட்ரையர் கூட்டுக்கும் வாஷர் கூட்டுக்கும் நடுவே மீட்டர் 119 வோல்ட் காட்டியது.

இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. எர்த் இல்லாத எந்த உலோகக் கூடும், பக்கத்தில் ஓடும் வயர்களின் தூண்டலால், மீட்டரில் பல பத்து வோல்ட் காட்டும். அது வெறும் நிழல். சாதாரண டிஜிட்டல் மீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டமே இழுப்பதால் நிழலுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் காட்டாது. மீட்டரின் குறைந்த மின்தடை நிலையில் மாற்றி அளந்தால் நிழல் சுருங்கிப் பூஜ்யத்துக்கு அருகே போய்விடும். இங்கே 118 வோல்ட்டில் நின்றது. நிஜமான தொடர்பு.

பேனலில் (வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியில்) இரட்டைப் பிரேக்கரை அணைத்து, கூட்டில் மின்சாரம் போய்விட்டது என்று அளந்து உறுதி செய்து, பிளக்கைக் கழற்றினேன். பிறகு பிளக்கின் முள்களுக்கும் கூட்டுக்கும் நடுவே மின்தடை பார்த்தேன். நியூட்ரல் முள்ளிலிருந்து கூட்டுக்குத் தொடர்பு இல்லை. ஒரு ஹாட் முள்ளிலிருந்து கூட்டுக்கு ஒரு ஓம்கூட இல்லாத நேரடித் தொடர்பு. மூன்று வயர் ட்ரையரில் இருக்க வேண்டியதற்கு நேர் எதிர்.

மூடியைத் திறந்ததும் மீதியும் தெரிந்தது. கார்டின் ஓரம் தகர விளிம்பில் வெட்டுப்பட்டு, தாமிர இழைகள் தகரத்தில் அழுந்தி நின்றன. ட்ரையர் அதிரும் ஒவ்வொரு முறையும் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. டெர்மினல் பிளாக்கில் ஒரு ஓர ஸ்குரூவும் தளர்ந்திருந்தது. அதன் கீழே பிளாஸ்டிக் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. 22 ஆம்பியர் ஓடும் இடத்தில் தளர்ந்த ஸ்குரூ என்பது சிறு அடுப்பு. கிளாம்ப் இல்லாததால் கார்டின் எடையும் அசைவும் முழுக்க அந்த ஸ்குரூக்களில் விழுந்ததே தளர்ந்ததற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

பட்டையைப் போட்டால் போதாதா?

நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். புதிய மூன்று வயர் கார்டு, தட்டைக் கார்டுக்கான கிளாம்ப், ஒரு பட்டை. பழைய இணைப்பு என்பதால் விதி அனுமதிக்கும், ஒரு மணி நேர வேலை. ஆனால் அந்த அனுமதி நிபந்தனைக்கு உட்பட்டது. விதித்தொகுப்பின் 250.140 பிரிவு சொல்வது: இணைப்பு ஏற்கெனவே இருந்ததாக இருக்க வேண்டும், நியூட்ரல் 10 கேஜ் தடிமன் தாமிரத்துக்குக் குறையக்கூடாது, அந்த நியூட்ரலுக்கு உறை இருக்க வேண்டும். உறையில்லாத நியூட்ரல் எஸ்இ வகைக் கேபிளின் (வெளியிலிருந்து வீட்டுக்குள் மின்சாரம் கொண்டுவரப் பயன்படும் வகை) பகுதியாக, வீட்டின் முதன்மைப் பேனலிலிருந்தே நேராக வந்தால் அதை ஏற்கிறது.

சுவருக்குள் என்ன கேபிள் இருக்கிறது என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் உரிமம் பெற்ற ஒரு எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொன்னேன். அவர் சாக்கெட்டைக் கழற்றியதும் கேள்வி முடிந்தது. உள்ளே இருந்தது சாதாரண பிளாஸ்டிக் உறைக் கேபிள்: ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, ஒரு வெற்றுத் தாமிரம். யாரோ ஒருவர், அநேகமாக வீடு கட்டிய காலத்திலேயே, வெள்ளையை இரண்டாவது ஹாட்டாகவும் வெற்று எர்த் வயரை நியூட்ரலாகவும் மாட்டியிருந்தார். இத்தனை காலமும் மோட்டாரின் மின்னோட்டம் உறையில்லாத தாமிரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் பட்டையைப் போட்டால் ட்ரையரின் கூடு முழுவதும் அந்த ஒரு வெற்று வயரை நம்பியிருக்கும். அது எங்காவது ஒரு ஸ்குரூவில் தளர்ந்து விட்டுப்போனால், ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் 120 வோல்ட் மோட்டாரின் சுருள் வழியாக நியூட்ரல் முனைக்கு வந்து, பட்டை வழியாகக் கூட்டில் ஏறும். இப்போது நடந்ததே வேறு வழியில் திரும்ப வரும். விதியும் இதை ஏற்காது.

வேறு சில யோசனைகளும் வந்தன. கூட்டிலிருந்து ஒரு வயரை எடுத்துத் தண்ணீர்க் குழாயில் கட்டலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். பழைய உலோகக் குழாய்க்கு நடுவே எங்கே பிளாஸ்டிக் துண்டு போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று வெளியே தெரியாது. அந்த ஒட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள குழாய் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். நான்கு முள் பிளக்கை மூன்று துளை சாக்கெட்டில் செருக உதவும் அடாப்டர் எர்த்தை உருவாக்காது, எர்த் இருப்பதுபோலத் தோற்றத்தை மட்டும் தரும். சாதாரண 120 வோல்ட் சாக்கெட்டில் ஓடும் ஹீட் பம்ப் ட்ரையர் வாங்கிவிடலாம் என்ற யோசனை மட்டும் உண்மையிலேயே பரிசீலிக்கத் தக்கது. இருக்கும் இயந்திரம் நல்ல நிலையில் இருந்ததாலும், செலவு அதிகம் என்பதாலும் விட்டார்கள்.

எடுத்த முடிவு: பேனலிலிருந்து புதிய கேபிள். உறையுள்ள மூன்று வயர், கூடவே எர்த், எல்லாம் 10 கேஜ் தாமிரம். நான்கு துளை, 30 ஆம்பியர் சாக்கெட். அந்த ஊர் விதிப்படி அனுமதி வாங்கி, ஆய்வாளர் பார்த்து ஒப்ப வேண்டும். சில நூறு டாலர் செலவு. அதுவரை ட்ரையர் பிளக்கில் இருக்கக்கூடாது, பிரேக்கர் அணைந்து டேப் ஒட்டியிருக்க வேண்டும். துணியைப் பேஸ்மென்டில் கொடி கட்டிக் காயப்போட்டார்கள், கனமானவற்றை லாண்ட்ரோமேட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

பூட்டிய முறை

எலக்ட்ரீஷியன் சுவர்ப் பக்கத்தை முடித்ததும் ட்ரையர் பக்கத்தை நான் செய்தேன். பழுப்பேறிய டெர்மினல் பிளாக்கை மாற்றினேன். சூடு பட்ட பிளாஸ்டிக்கை இறுக்கி மீண்டும் பயன்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வரிசை முக்கியம். முதலில் கிளாம்ப்பைத் துளையில் மாட்டி, அதன் வழியாகக் கார்டை உள்ளே விட வேண்டும். வயர்களைப் பூட்டிய பிறகு கிளாம்ப்பை நுழைக்க இடம் கிடைக்காது, அப்போதுதான் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பச்சை வயர் முதலில், கூட்டின் எர்த் ஸ்குரூவில். பிறகு வெள்ளை நடுவில். கறுப்பும் சிவப்பும் ஓரங்களில். இந்த இரண்டும் இடம் மாறினால் பிரச்சினை இல்லை, வெள்ளை இடம் மாறவே கூடாது. வளைய முனைகள் ஸ்குரூவின் கீழே தட்டையாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து நன்றாக இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். கடைசியாகக் கிளாம்ப்பின் இரு ஸ்குரூக்கள்: கார்டு நழுவாத அளவு, நசுங்காத அளவு. புதிய பிளாக்கோடு ஒரு பட்டை வந்தது. இப்போது நான்கு வயர் என்பதால் அதைப் போடவில்லை. ஒரு சிறு பையில் போட்டு, "மூன்று வயர் கார்டு பூட்டினால் மட்டும் இதைப் போடவும்" என்று எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன்.

பிளக்கைச் செருகும் முன் மீட்டரால் மூன்று கேள்வி. எர்த் முள்ளுக்கும் கூட்டுக்கும் தொடர்பு உண்டா? உண்டு, ஒரு ஓமுக்கும் கீழ். நியூட்ரல் முள்ளுக்கும் கூட்டுக்கும்? இல்லை, இருக்கவும் கூடாது. ஹாட் முள்களுக்கும் கூட்டுக்கும்? இல்லை. சாக்கெட்டில் ஹாட்டுக்கும் ஹாட்டுக்கும் 240 வோல்ட், ஒவ்வொரு ஹாட்டிலிருந்தும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய பூஜ்யம்.

எலக்ட்ரீஷியன் சாதாரணப் பிரேக்கருக்குப் பதிலாக, மின்கசிவைக் கண்டதும் விழும் ஜிஎஃப்சிஐ வகையைப் போட்டிருந்தார். 2020 விதித்தொகுப்பு பேஸ்மென்ட், துணி துவைக்கும் இடம் போன்றவற்றில் 240 வோல்ட் சாக்கெட்டுகளுக்கும் இந்தப் பாதுகாப்பைக் கேட்கிறது. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சுமார் 5 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே இது விழும். நான்கு வயர் கார்டைப் பூட்டிவிட்டுப் பட்டையைக் கழற்ற மறந்தாலும் இது காட்டிக்கொடுக்கும்: நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு கூடு வழியாக எர்த்தில் போகும், ட்ரையரைத் தொடங்கியதும் பிரேக்கர் விழும். அப்போது பலர் பிரேக்கரைக் குறை சொல்லி மாற்றிவிடுகிறார்கள். முதலில் பட்டையைப் பார்க்க வேண்டும்.

பின்விளைவு

ட்ரையர் ஓடும்போதும் நிற்கும்போதும் வாஷருக்கும் அதற்கும் நடுவே அளந்ததில் வோல்ட் எதுவும் இல்லை. ஆய்வாளர் ஒப்புதல் தந்தார். சில வாரம் கழித்துத் திரும்பப் போய் மூடியைத் திறந்து ஸ்குரூக்களைப் பார்த்தேன், தளரவில்லை, சூட்டுத் தடமும் இல்லை. அம்மா முதலில் ட்ரையரைத் தொடவே மறுத்தார். மகன் மீட்டரை அவர் கையில் கொடுத்து அளக்கச் சொன்ன பிறகுதான் பயம் கொஞ்சம் விலகியது.

மாற வேண்டியவை

கடையில் கார்டு வாங்கும்போது கேட்கும் கேள்வி "எத்தனை துளை?" என்பதோடு நிற்கிறது. அதோடு இரண்டு கேள்வி சேர வேண்டும்: பட்டை எங்கே, கிளாம்ப் எங்கே. கார்டு, கிளாம்ப் இரண்டையும் ஒன்றாக வாங்க வேண்டும். ட்ரையரின் பின்மூடியிலோ கையேட்டிலோ மூன்று வயர், நான்கு வயர் இரண்டுக்கும் தனித்தனிப் படம் இருக்கும். பழைய நிலையின் போட்டோவை விட அந்தப் படத்தைத்தான் நம்ப வேண்டும். பட்டை இருக்கும் இடமும் வடிவமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலவற்றில் பட்டைக்குப் பதில் ஒரு வயரே இருக்கும்.

வேலை முடிந்ததும் டிரம் சுற்றுகிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல. கூட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. மீட்டர் பிடிக்கத் தெரியாதவர் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது. இதில் பலர் என்னோடு முரண்படுவார்கள். ஆனால் ஒரு மீட்டரின் விலை அந்தக் கார்டின் விலையை விட அதிகமில்லை.

உலோகக் கூட்டில் தொடர்ந்து சுரீர் என்று இருக்கிறது என்று யார் சொன்னாலும், குழந்தை சொன்னாலும் சரி, அந்த நிமிடமே பேனலில் பிரேக்கரை அணைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்க ட்ரையருக்குப் பின்னால் கை விடக்கூடாது. அணைத்த பிறகு காரணத்தைத் தேடலாம். பழைய பேனலில் இரண்டு ஹாட்டும் தனித்தனிப் பிரேக்கர்களில், கைப்பிடிகள் இணைக்கப்படாமல் இருந்தால் இரண்டையும் அணைக்க வேண்டும்.

இந்த வீட்டில் இன்னொரு மூன்று துளை சாக்கெட்டும் இருந்தது, சமையலறை மின்சார அடுப்புக்கு. அதே வீடு, அதே காலம், ஆகவே அதையும் எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தார். அங்கே இருந்தது எஸ்இ வகைக் கேபிள், முதன்மைப் பேனலிலிருந்து நேராக வந்தது. அடுப்பின் பின்னால் பட்டை இருந்தது, ஸ்குரூக்கள் இறுக்கமாக இருந்தன. விதி அனுமதிக்கும் பழைய இணைப்பு என்பதால் அதை அப்படியே விட்டார்கள். சமையலறையைப் புதுப்பிக்கும்போது நான்கு வயராக மாற்ற வேண்டும் என்று பேனல் கதவின் உள்பக்கம் குறித்து வைத்திருக்கிறார்கள்.